கரையோட அடியில டிசிபி நிக்கலை

கொள்ளிடக் கரையில கொஞ்ச நாள் குவாலிட்டி வேலை பாத்தேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல முக்கொம்பு அணையில ஒன்பது ஷட்டர் அடிச்சிட்டுப் போனது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யார்கிட்ட பேசுனாலும் கரை பலமா இருக்கான்னுதான் கேப்பாங்க. எங்க சைட்ல கரை மண்ணோட சிமெண்ட் கலந்து, லேயர் லேயரா போட்டு ரோலர் ஓட்டுவோம், அது கெட்டியாச்சான்னு பாக்குறது என் வேலை.

அதுக்கு டிசிபின்னு ஒரு கருவி. கம்பி நுனியில கூம்பு, மேல 8 கிலோ எடை, அதை 575 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி விடணும், ஒவ்வொரு அடிக்கும் கம்பி எத்தனை மில்லிமீட்டர் எறங்குதுன்னு ஒருத்தர் ஸ்கேல் பாத்து எழுதணும். கம்மியா எறங்குனா மண்ணு கெட்டி. கேக்க சுலபம், சித்திரை வெயில்ல நாப்பது தடவை தூக்கிப் பாருங்க தெரியும்.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். நாங்க டெஸ்ட் போட்டதெல்லாம் கரை மேல, சமதளத்துல. சரிவுல கம்பி நேரா நிக்காது, புடிக்கிற பையனுக்கும் கால் வழுக்கும், அதனால யாரும் சொல்லாமலே மேலேயே போட்டுட்டு வந்துருவோம். மேலதான் ரோலரும் நல்லா ஓடியிருக்கும், நம்பரும் அழகா வரும். அடிக்கு 4, 5 மில்லிமீட்டர்.

ஒருநாள் செக்கிங் வந்த இன்ஜினியர் ரெஜிஸ்டரைப் புரட்டிட்டு, "ஆறு மேலயாப்பா அரிக்கும்?"னு கேட்டாரு. எனக்குப் பேச்சே வரலை. தண்ணி வந்தா முதல்ல கீழ்ப்பகுதி மண்ணைத்தானே எடுத்துட்டுப் போகும், அது போயிட்டா மேல இருக்கறது தானா சரியும்.

மம்பட்டியால சரிவுல படி மாதிரி வெட்டி கம்பியை நிறுத்துனோம். ரெண்டே அடி, 40 மில்லிமீட்டர் போயிடுச்சு. "சார், இது எறங்கலை, முங்குது"ன்னான் பையன்.

தோண்டி ஃபீனால்ஃப்தலின் தெளிச்சோம். சிமெண்ட் சேந்த இடம் ரோஸ் கலராகும். அங்கங்க திட்டு திட்டாதான் ரோஸ், நடுவுல களிமண் கட்டிங்க நிறமே மாறாம அப்படியே உக்காந்திருக்கு. அந்தக் கட்டி ஒண்ணை வாளித் தண்ணில போட்டா கொஞ்ச நேரத்துல கரைஞ்சு சேறாயிடுச்சு, ரோஸ் துண்டு அப்படியே கெடந்துது. மண்ணையும் சிமெண்டையும் கலக்குற ரோட்டவேட்டர் மெஷின் ஓரம் வரைக்கும் வரலை, அதோட ஒருநாள் தண்ணி டேங்கர் லேட்டு, சிமெண்ட் கலந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள உருட்டி முடிக்கணும், அன்னிக்கு மதியம் தாண்டிதான் ரோலரே ஓடுச்சு.

இதுல கொடுமை, அதே சிமெண்ட் மண்ணுல சிலிண்டர் மாதிரி செஞ்சு லேப்ல டெஸ்ட் பண்ண ரிசல்ட் எல்லாம் பாஸ். ஏன்னா அது நான் கட்டியெல்லாம் ஒடச்சு, ட்ரேல கையால பெசஞ்சு, ஏழு நாள் ஈரச்சாக்கு போத்தி வளத்த பிள்ளை. கரைக்கு அந்தக் கவனிப்பு எங்க கெடச்சுது?

அந்த நீளத்தைப் பேத்துட்டு திரும்பப் போட்டாங்க, காண்ட்ராக்டர் தரப்புல ரெண்டு வாரம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. ரெஜிஸ்டர்ல மேல், நடு, அடின்னு மூணு இடம் எழுத ஆரம்பிச்சேன். 'அடி'ன்னா அளவா, சுத்தியல் அடியா, கரை அடியான்னு ஆபீஸ்ல கேட்டாங்க, அதனால சின்னதா படமும் போட்டேன். அதுக்கு முந்தின இருபது பக்கத்துல படம் கிடையாது. 4, 5, 4, 5ன்னு வரிசையா நம்பர், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ என் கையெழுத்து.