ஒரு அடிக்கு மூன்று சத்தம்

சீரியலில் கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் அதை மூன்று முறை காட்டுவார்கள். நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை, அப்புறம் மெதுவாக ஒரு தடவை. இது எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்றுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுக்க வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். முதல் 'ஆ' அதிர்ச்சி. இரண்டாவது வலி. மூன்றாவதில் கொஞ்சம் அவமானமும் கலந்திருக்க வேண்டும். "மேடம், மூணும் ஒரே மாதிரி இருக்கு. கடைசியை மட்டும் இன்னொரு தடவை போயிடலாமா?" என்று ஹெட்போனில் இன்ஜினியர் தம்பி கேட்பான். போவோம்.

18 வருடமாக டப்பிங்தான் பிழைப்பு. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் நான் நிற்காத மைக் குறைவு. இந்தியிலிருந்து வரும் தொடர்களுக்கும், தமிழ் பேச வராத கதாநாயகிகள் நடிக்கும் நம்மூர்த் தொடர்களுக்கும் குரல் கொடுக்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த பெண் அழகாக அழுதுவிட்டுப் போய்விடுவாள். அந்த அழுகைக்குச் சத்தம் என்னுடையது. என் குரலில் வாழ்ந்த மனைவிகளை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் அடி வாங்கியவர்கள். மிச்சம் கால்வாசி, புருஷன் இன்னொருத்தியோடு இருக்கும்போது மாமியாருக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர்கள்.

வசனத் தாளைப் பார்த்தாலே எப்படிப்பட்ட மனைவி என்று தெரிந்துவிடும். புருஷனுக்குப் பன்னிரண்டு வரி இருக்கும். மாமியாருக்கு எட்டு. நாயகிக்கு அடைப்புக்குறிக்குள் (அழுகை), (விசும்பல்), (அதிர்ச்சி), நடுவில் ஒரே ஒரு "என்னங்க...", மறுபடி (விசும்பல்). பொறுமைசாலியான மனைவி என்றால் பேப்பரில் எழுத்தே குறைவு. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று புதிதாக வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். தொண்டை போவது அந்த அடைப்புக்குறியில்தான் என்று ஒரு வாரத்தில் புரிந்துவிடும். வசனம் பேசித் தொண்டை கட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விசும்பினால் கட்டும். பிளாஸ்க்கில் வெந்நீரும், பையில் பனங்கற்கண்டும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

இந்தித் தொடர் என்றால் உதட்டைப் பார்த்துத்தான் எல்லாம். ப, ம வரும் இடத்தில் உதடு மூடும். அங்கே தமிழிலும் உதடு மூடுகிற எழுத்து வேண்டும். அந்த மனைவிகள் ஓயாமல் 'மாஃப் கர் தீஜியே' என்பார்கள். அதற்குத் தமிழில் 'மன்னிச்சிடுங்க' என்பது அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். தப்புச் செய்தவன் அவன், மன்னிப்புக் கேட்பவள் இவள், அது வேறு விஷயம். ஒரு நாள் டீ நேரத்தில் சும்மா யோசித்தேன். 'மாட்டேன்' என்ற சொல்லும் 'மா'வில்தான் தொடங்குகிறது. ரிகர்சலில் "மாட்டேன், முடியாதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஏறக்குறைய உட்கார்ந்தது. கன்சோல் அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, டேக்கில் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அத்தையால். புதுக்கோட்டைப் பக்கம் அத்தை பேர்பெற்ற ஸ்திரீபார்ட், அதாவது மேடை நாடகத்தில் கதாநாயகி வேடம் கட்டுபவர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களைக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடத்தும் ஸ்பெஷல் நாடகக்காரர். பங்குனி பிறந்தால் வீட்டில் இருக்கவே மாட்டார். பள்ளி விடுமுறையில் பெட்டி தூக்க நானும் கூடப் போவேன். அத்தைக்கு மயான காண்டம்தான் உயிர். தன் சத்தியத்தைக் காப்பாற்ற மனைவியையும் மகனையும் காசியில் விற்றவன் அரிச்சந்திரன். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். காவல் காக்கும் புருஷன், அவள் யாரென்று தெரியாமல் கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். பொறுமைக்கு இதைவிடக் கொடுமையான சோதனை எந்தக் கதையிலும் கிடையாது.

ஆனால் அத்தையின் சந்திரமதி வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டாள். ஒப்பாரி வைப்பாள், விருத்தம் பாடுவாள், தர்க்கம் செய்வாள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஆர்மோனியம் கரூரிலிருந்து வரும், மேடையிலேதான் சந்திப்பு. யார் என்ன கேட்பார்கள் என்று இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு ராத்திரி, தாலியை வைத்து அடையாளம் தெரிந்தபிறகு, அத்தை பாட்டில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "சத்தியம் உங்களுது. வித்தது எதுக்கு என்னை?" ராஜபார்ட்டுக்குப் பதில் வரவில்லை. ஆர்மோனியக்காரர் சுதாரித்துக்கொண்டு ஒரு சுருதியைப் பிடிக்க, ராஜபார்ட் விதியைப் பற்றிய பாட்டுக்குள் நுழைந்து தப்பித்துக்கொண்டார். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. எனக்கு அப்போது 11 வயது.

விடிந்ததும் மேடைக்குப் பின்னால் மாமா டிவிஎஸ் ஐம்பதோடு நின்றிருந்தார். அத்தை சம்பளக் கவரை எண்ணிப் பார்க்காமலே அவர் கையில் கொடுத்தார்.

அதே மேடையில்தான் அடிபிடி சீனும் நடக்கும். பபூனும் டான்ஸ் காமிக் பெண்ணும் புருஷன் பெண்டாட்டியாக வந்து மாற்றி மாற்றி அடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அடிக்கும், தாள வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும் ஆல்ரவுண்டுக்காரர் 'டமார்' என்று போடுவார். ஆக, அடிக்குச் சத்தம் சேர்க்கும் வேலை என் காலத்தில் தொடங்கியதில்லை. பெண்கள் பக்கம் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பார்கள். இவர்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது, எப்படிச் சிரிக்கிறார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். அரிதாரம் பூசிக்கொண்டே, "அவ திருப்பி அடிக்கிறாள்ல" என்றார்.

பழைய மேடை எல்லாம் பெண்ணுக்குப் பெரிய நியாயம் செய்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1954-இல் இரண்டு நாடகங்கள் சினிமாவாக வந்தன. ஒன்று பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா. கணவன் ஒரு வசந்தசேனையின் பிடியில் இருக்க, எத்தனையோ அவமானங்களைத் தாங்கும் பத்மாவதி கடைசியில் "பொறுத்தது போதும், பொங்கி எழு" என்கிறாள். தமிழ்நாடே மனப்பாடமாகச் சொன்ன வசனம். ஆனால் அவள் பொங்கவில்லை. மகனைப் பொங்கச் சொல்கிறாள். சங்கிலியை அறுப்பது சிவாஜி. இன்னொன்று எம்.ஆர். ராதாவின் ரத்தக் கண்ணீர். அதில் மனைவியை ஒதுக்கித் தள்ளிய மோகனசுந்தரம், குஷ்டம் வந்து எல்லாம் இழந்தபிறகு, தன் நண்பனுக்கே அவளைக் கட்டி வைக்கிறான். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அவளுடைய விடுதலையும் அவன் கையால் கொடுக்கப்படுகிறது. யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்தப் படத்தில் அவன் மயங்கிக் கிடந்த காந்தாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மனைவியின் பெயர் என்ன என்றால் யோசிப்பார்கள். சந்திரா.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் வழக்கமாகப் போகும் டப்பிங் தியேட்டர் ஒன்றில் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். ஐம்பதைத் தாண்டியவர். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் பெரிய அடி சீன். புருஷன் பெல்ட்டால் அடிக்கிறான். ஏழெட்டு ரியாக்‌ஷன், தரையில் விழுவதற்கு ஒன்று, தவழ்ந்து போவதற்கு மூச்சிரைப்பு, எல்லாம் முடித்து வியர்த்து வெளியே வந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை போல. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா கண்ணு, இம்மாம் சத்தம் போடுற?"

"அடிக்கிறான்கா, சத்தம் போடாம?"

"போடக் கூடாது கண்ணு. புள்ளைங்க முழிச்சிக்கும்ல. பக்கத்து வூட்டுக்கும் கேட்டுடும்." முந்தானையின் ஓரத்தைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக் காட்டினார். ரொம்ப சாதாரணமாக, பொடி அரைப்பது எப்படி என்று காட்டுகிற மாதிரி. அப்புறம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தனை வருடங்களாக நான் கொடுத்த 'ஆ' எல்லாம் எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி யோசித்தேன். நான் அடி வாங்கியதில்லை. பழைய சீரியல்களைப் பார்த்து நானும், எனக்கு முன்னால் இருந்தவர்கள் சினிமாவைப் பார்த்தும் கற்றுக்கொண்டது. ஒரு அடியும் உள்ளே போகாத, வெளியே மட்டும் வந்துகொண்டிருந்த சத்தம்.

அடுத்த வாரம் இன்னொரு அறை வந்தது. துப்பட்டாவின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். திரையில் கை ஓங்கியது, விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கு வழியாக விட்டேன். அவ்வளவுதான். ஹெட்போனில் என் மூச்சு எனக்கே பயமாக இருந்தது.

"மேடம், ரியாக்‌ஷன் விழலை."

"இதுதான் தம்பி ரியாக்‌ஷன்."

டப்பிங் இன்சார்ஜ் உள்ளே வந்தார். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சமையக்கட்டுல இருக்கிறவங்களுக்கு அடி விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தான். சீரியலை முக்கால்வாசிப் பேர் காதால்தான் பார்க்கிறார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும். சத்தம் வந்தால்தான் எட்டிப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை வரும் ரேட்டிங்கில் அந்த எட்டிப் பார்த்தல்களெல்லாம் சேர்ந்துதான் எண்ணாக நிற்கும். என்னை வற்புறுத்தவில்லை. "சரி விடுங்க, அடுத்த சீனுக்குப் போவோம்" என்றார்.

அதே மாதம் அரசு விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றுக்கும் குரல் கொடுத்தேன். 30 நொடி. குடும்பத்தில் வன்முறையா, 181-ஐ அழையுங்கள் என்று முடியும். காலையில் அதை முடித்துவிட்டு மதியம் சீரியலுக்கு வந்தேன். மழை இரவில் நாயகியை வீட்டை விட்டுத் துரத்தும் காட்சி. பெட்டி வாசலில் வந்து விழுகிறது, இவள் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். விளம்பரத்துக்காகக் கொடுத்த தாள்கள் கைப்பையிலேயே இருந்தன. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ஆம் வருடத்தது, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. கணவனோடு வாழ்ந்த வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு, சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று அதில் இருக்கிறது. வசனம் எழுதும் தம்பி அன்று தியேட்டருக்கு வந்திருந்தான். தாளைக் காட்டி, ஒரு வரி போடலாமே என்றேன்.

படித்துப் பார்த்தான். "சூப்பர்க்கா. ஆனா 'போக மாட்டேன், சட்டப்படி இங்கதான் இருப்பேன்'னு அவ சொல்லிட்டா, மழையில நனையற சீன் போயிடுமே. அதை வச்சு நாலு நாள் ஓட்டணும்." கொஞ்சம் யோசித்து, "அப்படியே எழுதினாலும் ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க" என்றான்.

ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்ற வார்த்தை நம்மூரில் பிறந்ததில்லை. சின்ன வயதில் ஒரு நவீன நாடகக் குழுவில் எடுபிடியாக இருந்தபோது கேள்விப்பட்டது: நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் பொம்மை வீடு என்ற நாடகம் 1879-இல் கோபன்ஹேகனில் மேடையேறியது. கடைசியில் நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். அடுத்த வருடம் ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, என் பிள்ளைகளை நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன், அந்த முடிவில் நடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு யாராவது முடிவை மாற்றி எழுதிவிடுவார்களே என்று இப்சனே மாற்றிக் கொடுத்தார். தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து நோரா மனமுடைந்து விழுகிறாள், போகவில்லை. தன் நாடகத்துக்குத் தானே செய்த காட்டுமிராண்டித்தனம் என்று பிற்பாடு அதைத் திட்டினார். இதைத் தம்பியிடம் சொன்னேன். "பார்த்தீங்களாக்கா, அவரே மாத்திட்டாரு" என்றான்.

பார்க்கிறவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு முறை ரேஷன் கடை வரிசையில் நின்று சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்டேன். முன்னால் நின்ற பெண் வெடுக்கென்று திரும்பினார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அழுதா நானும் அழுதுடுவேன். வீட்டுல வேற எப்ப அழுதாலும் எதுக்குன்னு கேப்பாங்க. அந்த அரை மணி நேரம் மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவரிடம் போய் இந்தச் சீரியல் எல்லாம் பெண்களை முட்டாளாக்குகிறது என்று நான் எப்படிப் பேசுவது? சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா இப்போது அந்தத் தியேட்டருக்கு வருவதில்லை. மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். அடி சீன்களை நானும் முடிந்தவரை தவிர்க்கிறேன். மாமியார் வேடத்துக்குக் குரல் முதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். மாமியாருக்கு வசனமும் அதிகம்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த எபிசோடை வீட்டில் பார்த்தேன். அறை விழுந்தது. மூன்று 'ஆ'வும் கேட்டது. பழைய எபிசோடிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த மூன்றும் இப்போது ஒரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன. போன மாதம் ஒரு டீக்கடையில் வேறு ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண்ணை யாரோ ஒருவன் அடித்தான். நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். முதல் 'ஆ' அதிர்ச்சி, இரண்டாவது வலி. மூன்றாவதை மட்டும் இன்னொரு தடவை போயிருக்கலாம்.