ஐந்து குழிக் கொல்லையில் வெள்ளரி: மாசி முதல் சித்திரை வரை

எங்கள் கொல்லை ஐந்து குழி. டெல்டாக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: ஒரு குழி என்பது 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. ஆக 720 சதுர அடி. அதில் அடி பம்பு, துவைக்கிற கல், துணிக்கொடி, ஒரு வேம்பு, ஒரு நாட்டு மாமரம் இதெல்லாம் போக நல்ல வெயில் விழும் இடம் ஒன்றரைக் குழி தேறும். போன கோடையில் அங்கே வெண்டை போட்டேன். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகித் தேமல் வந்துவிட்டது. வெள்ளை ஈ பரப்புகிற நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். பிடுங்கினேன்.

இந்த வருஷம் வெள்ளரி. பாபநாசம் பேருந்து நிறுத்தத்தில் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்களே, அதைக் கொடியிலிருந்து பறித்த கையோடு தின்ன வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

மாசி 18: எரு தேடிப் போனேன். ஊருக்கு வடக்கே, உளுந்து தெளிக்காத வயல்களில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். வயலில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும் அதற்குப் போதும். அப்படித் தெளிக்காத தாள்களில்தான் ஆடு இறங்கும். கிடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி, ஆடு மேய்ப்பவர்களின் தலைவர். வருஷா வருஷம் வருகிறவர். ஒரு சாக்கு ஆட்டுப் புழுக்கை கேட்டேன். அள்ளிக் கொடுத்துவிட்டு, "பச்சையாப் போட்டுறாதீங்கம்மா, சூடு. வேரு வெந்துரும். குவிச்சு வச்சு தண்ணி தெளிச்சு, ஒரு மாசம் கழிச்சுப் போடுங்க" என்றார்.

ஒரு மாதமா? சித்திரைக்குள் பிஞ்சு தின்ன வேண்டிய ஆள் நான். வீட்டுக்கு வந்து நான்கு குழி வெட்டினேன் (இது வேறு குழி, தோண்டுகிற குழி). இரண்டில் பக்கத்து வீட்டுப் பழைய சாணி எரு, இரண்டில் பச்சைப் புழுக்கை. எது ஜெயிக்கிறது பார்ப்போம் என்று.

மாசி 22: இரவு ஊற வைத்த விதை, குழிக்கு நான்கு. நான்காம் நாளே முளை தெரிந்தது. புழுக்கைக் குழிகளில் எட்டுக்கு ஆறு வந்தன. பத்தாம் நாள் பார்த்தால் அவற்றின் இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி. இரண்டுதான் மிஞ்சின, அவையும் குட்டையாக. சாணிக் குழிகளில் ஏழு கொடிகள் கொழுகொழுவென்று நின்றன. கீதாரியிடம் போய்ச் சொல்லலாம் என்றால் கிடை அதற்குள் வேறு ஊருக்கு நகர்ந்துவிட்டது.

நடுவில் மாவடு வேலை. ஒரு கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி, வடுவிலிருந்து தண்ணீர் கசிந்து அது சுருங்கிய பிறகு காரம். அத்தை பறித்த வடுவை மட்டும் ஜாடியில் போட்டார். காற்றில் விழுந்தவற்றை நான் பொறுக்கித் தனிச் சீசாவில் போட்டேன், வீணாக்க மனசில்லாமல். அடிபட்ட காய் நிற்காது. ஒரு வாரத்தில் என் சீசா நுரைத்துப் பொங்கி, மூடியைத் திறந்ததும் அடுக்களையே முகம் சுளித்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

பங்குனி முழுக்க வேம்புதான். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத மரம். ராத்திரி படுக்கப் போகும்போது அடியில் பழைய வேட்டிகள் இரண்டை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும்: தேனும் லேசான கசப்பும் கலந்த ஒரு வாசனை. வெயில் ஏறிவிட்டால் அது போய்விடும். வேட்டி முழுக்க நொய்யரிசி கொட்டியது போலப் பூ. இன்னும் விழுந்துகொண்டே இருக்கும். குனிந்து வாரும்போது பின்கழுத்தில் ஒன்றிரண்டு விழும். முதல் நாள் ஆசையில் கிளையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அத்தை பதறிவிட்டார். உலுக்கினால் காம்பும் மொட்டும் சேர்ந்து வரும், அப்புறம் ஆய்ந்தே பாதி நாள் போகும். அன்று உண்மையிலேயே பாதி நாள் போனது. எறும்பும் நிறைய, அதற்கு வழி, முறத்தில் பரப்பிக் கால் மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது, அவையே இறங்கிப் போய்விடும்.

மூன்று நாள் காய்ந்தால் ஒரு முறப் பூ இரண்டு கைப்பிடிக்குச் சுருங்குகிறது. ஒன்பது காலைகள் வாரியதில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் முக்கால் நிறைந்தது. சித்திரை முதல் நாள் பச்சடிக்குக் காய்ந்த பூ வேண்டாம், அன்றைக்கு விழுந்ததையே எடுத்துக்கொண்டோம். வெல்லம், எங்கள் மாங்காய், நெய்யில் வறுத்த பூ. பாட்டில் ஆடி, ஆவணி ரசத்துக்கு.

பங்குனி 25: வெள்ளரி பூத்தது! மஞ்சள் மஞ்சளாக ஒரு கொடியில் பத்துப் பூ. மறுநாள் பத்தும் உதிர்ந்து கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. "மலட்டுக் கொடி, பிடுங்கிட்டு கீரை வெதை" என்றார் அத்தை. வெண்டையைப் பிடுங்கிய கை என்பதால் தயக்கமாக இருந்தது. வெள்ளரியில் ஆண் பூ முதலில் வரும், பெண் பூ பின்னால் வரும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஐந்தாறு நாள் பொறுத்தேன். அப்புறம் ஒரு காலையில், பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நக நீளத்தில், முள் முள்ளாக ஒரு குட்டி வெள்ளரியோடு பூ வந்தது. அதுதான் பெண் பூ. அத்தையைக் கூட்டி வந்து காட்டினேன். "ம்" என்றார்.

இரண்டு நாள் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவில் தொட்டு வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் வேம்பில் பூ முடிந்து, தேனீக்கள் கீழே இறங்கி வெள்ளரிக்கு வந்துவிட்டன. நான் வேலையை அவற்றிடம் விட்டுவிட்டேன்.

சாயங்காலங்களில் குடமுருட்டிக்குப் போவோம். ஜனவரி 28இல் மேட்டூரை மூடினால் ஜூன் 12 வரை ஆற்றில் மணல்தான், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான் அந்தத் தேதி. பிள்ளைகள் நடு ஆற்றில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கிறது, பந்து பொறுக்க வந்தவர்கள் அதில் கை கழுவிக்கொள்கிறார்கள். கரையில் நுங்கு வெட்டுகிறவர் எங்களைப் பார்த்ததும் ஐந்து சுளை எடுத்து இலையில் வைத்துவிடுவார். நுங்கின் தோலை உரிக்காமல் தின்பதுதான் சரி என்பது என் கட்சி. வீட்டில் ஆதரவு இல்லை.

சித்திரை 11: முதல் பறி, ஏழு பிஞ்சு. அங்கேயே அடி பம்பில் கழுவி, கல்லின் மேல் உட்கார்ந்து தின்றோம். உப்பு எடுத்துவர உள்ளே போன நான் திரும்புவதற்குள் இரண்டுதான் மிச்சம்.

அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு பறி. சித்திரை 19, 20 கும்பகோணத்தில் கல்யாணம். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. திரும்பி வந்து பறித்ததெல்லாம் கசப்பு. தண்ணீர் காய்ந்தால் வெள்ளரி கசக்கும். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு போகும் என்பார்களே, தேய்த்தேன். நுரை வந்தது. கசப்பும் இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதால் வாழைச் சருகை வேரைச் சுற்றி மூடாக்காகப் போட்டு, காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் பழையபடி இனிப்பு திரும்பியது.

நல்ல காய் ஒன்றை மட்டும் பறிக்காமல் விதைக்கு விட்டேன். மஞ்சளாகி முற்ற வேண்டும். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது வெள்ளரிக் கூட்டு. கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் நூல் மட்டும் கொடியில் இருக்கிறது. "முத்திப் போச்சும்மா, வீணாப் போயிடுமேன்னு பறிச்சேன்" என்றார் அத்தை.