வலது மூலையில் ஒரு சின்ன மூடி

இரவு பத்தரை மணிக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்தபோது முதலில் ஜவ்வரிசி என்றுதான் நினைத்தேன். வேகவைத்து வடித்த ஜவ்வரிசி போல, கண்ணாடிக் கதவிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பரிலும் துணிகளிலும் அப்பிக்கொண்டிருந்தது. பேரனின் சட்டைகள், மகளின் நைட்டிகள், என் கணவரின் வேட்டி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. விரலில் எடுத்து நசுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசியாகத் தொட்டிலில் விரிக்கும் போர்வையை உதறினேன். வயிறு கிழிந்த டயாபர் ஒன்று பொத்தென்று காலடியில் விழுந்தது.

அவசரத்தில் போர்வையோடு சேர்த்துச் சுருட்டி உள்ளே போட்டது நான்தான். ஐந்து மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் இது யாருக்கும் நடக்கக்கூடியது. நடந்த பிறகு என்ன செய்வது என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"அம்மா, இன்னொரு தடவை அலச விட்டால் எல்லாம் போய்விடும்" என்றாள் மகள். கை பொத்தானுக்கே போய்விட்டது. பிடித்து நிறுத்தினேன். டயாபருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொருள். காய்ந்திருக்கும்போது பொடிச் சர்க்கரை போல இருக்கும். தண்ணீர் பட்டால் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் குடித்து ஊதிவிடும். இன்னும் தண்ணீர் விட்டால் இன்னும் ஊதும், அவ்வளவுதான். ஊதிய கூழ் அத்தனையும் வெளியேறும் குழாயை நோக்கித்தான் போகும். அங்கே அடைத்துக்கொண்டால் பிறகு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

அதனால் துணிகளை ஈரத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து, பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் உதறிவிட்டுக் கொடியில் போட்டோம். மறுநாள் வெயிலில் அந்த மணிகள் சுருங்கி மறுபடியும் பொடியாகிவிட்டன. ஒரு உதறலில் முக்கால்வாசி கொட்டிவிட்டது. இரவு முழுவதும் உட்கார்ந்து கையால் பொறுக்க நினைத்தேனே, அதற்குத் தேவையே இருக்கவில்லை.

டிரம்முக்குள் ஒட்டியிருந்ததைக் காய்ந்த பருத்தித் துணியால் வழித்து எடுத்தேன். பழைய வேட்டித் துணிதான் இதற்குச் சரி. ஈரத்துணி கூழை இடம் மாற்றுமே தவிர எடுக்காது. வழித்ததை ஒரு வாளியில் போட்டேன். அதில் இரண்டு கை கல் உப்பைப் போட்டுக் கிளறியபோது, சற்று நேரத்தில் கூழ் இளகித் தண்ணீரை விட்டது. உப்பு சேர்ந்தால் இந்தப் பொருளால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. அப்படியானால் டிரம்முக்குள்ளேயே உப்பைக் கொட்டிச் சுற்றவிடலாமே என்று என் கணவர் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பது எவர்சில்வர், அதன் பின்னால் அதைத் தாங்குவது அலுமினியம். இரண்டுக்குமே உப்பு ஆகாது. உப்பு வைத்தியத்தை வாளியோடு நிறுத்திக்கொண்டேன்.

இதுவரை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு. அடுத்து என் கணவர் டார்ச் விளக்கைப் பிடிக்க, கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தேன். டயாபர் கூழுக்கு அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று இன்னொரு படலம். ரப்பரின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிவதற்காக மூன்று சின்னத் துளைகள் இருக்கின்றன. அவை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலைமுடியும் நூலும் சேர்ந்து மூன்றையும் அடைத்திருந்தன. ஒவ்வொரு முறை துவைத்து முடித்த பின்னும் அந்த மடிப்பில் ஒரு கைப்பிடித் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. வீட்டில் எல்லோரும் மூக்கைச் சுளித்த அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிந்தது.

அந்த நாற்றம் எப்போது தொடங்கியது என்று என்னால் நாள் குறித்துச் சொல்ல முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மேடவாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி என்பதால் வெள்ளம் உள்ளே வரவில்லை. ஆனால் பாதித் துவையலில் மின்சாரம் போனது, மூன்று நாள் வரவில்லை. டிரம் நிறையத் தண்ணீர், அதற்குள் ஊறும் துணிகள், திறக்க முடியாத கதவு. மின்சாரம் வந்ததும் இயந்திரம் தன் வேலையை முடித்தது. துணிகளை நான்கு முறை அலசினேன். இயந்திரத்தை ஒரு முறைகூடக் கழுவவில்லை. துவைப்பதற்கென்றே இருக்கும் பொருளைத் தனியாகக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அம்மா துவைக்கிற கல்லை வாரம் ஒரு முறை தென்னை நார் போட்டுத் தேய்ப்பார். பாசி பிடித்தால் துணியில் ஏறிவிடும் என்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2019-இல் வாங்கிய இயந்திரத்தை இத்தனை ஆண்டுகளாக ஒரு முறைகூடக் கழுவாமல் வைத்திருந்தேன்.

சரி, அந்தச் சின்ன மூடிக்கு வருகிறேன். முன்பக்கம் கதவுள்ள பெரும்பாலான இயந்திரங்களில், கீழே ஓர் ஓரத்தில், எங்களுடையதில் வலது மூலையில், உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் திருகக்கூடிய ஒரு வடிகட்டி. பல மாடல்களில் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயும் உண்டு. அந்தக் குழாய்தான் அவசரத்துக்குத் தண்ணீரை வெளியேற்றும் வழி. புயல் நாட்களில் எனக்கு இது தெரிந்திருந்தால் மூன்று நாள் துணி ஊறியிருக்காது.

திறப்பதற்கு முன் மின் இணைப்பைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், தண்ணீர் வரும் குழாயை மூட வேண்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். தாம்பாளம் போல விளிம்பு தாழ்ந்த தட்டு ஒன்றைக் கீழே வைத்து, முதலில் ரப்பர் குழாயின் முனையிலுள்ள அடைப்பானை எடுத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். எங்களுக்கு ஏழு தட்டுத் தண்ணீர் வந்தது. அதன் பிறகே வடிகட்டியை இடப்பக்கமாகத் திருக வேண்டும். வடிக்காமல் திருகினால் மொத்தமும் தரையில்தான்.

வடிகட்டியோடு டயாபர் கூழ் ஒரு கிண்ணம் அளவுக்கு வந்தது. இரண்டு கொண்டை ஊசி, ஒரு ஊக்கு, சட்டைப் பொத்தான், வேப்பங்குச்சி. அப்புறம் நெல்லிக்காய் அளவில் கறுத்துப்போன ஒரு துணி முடிச்சு. கழுவக் கழுவ மஞ்சள் நிறம் வெளியே தெரிந்தது. அதை அவிழ்க்காமலே மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோது, சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அவள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு தேடினால் முடிச்சைக் காணோம். மருத்துவமனைக்கு எடுத்துப்போன பையோடு போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வாரம் என் கணவரின் இரண்டு வேட்டிகள் திட்டுத் திட்டாக மஞ்சளாகி வந்தன. சோப்பு போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் சிவந்து ரத்தக்கறை போல ஆனது. நான் பதறிப்போனேன். மஞ்சள் அப்படித்தான். காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்கிறவர்கள் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இதற்காகத்தான். நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடு மூன்று நாள் நேர்வெயிலில் போட்டேன். கறை இருந்த இடமே தெரியாமல் போனது. மஞ்சளின் நிறத்துக்கு வெயில் எதிரி. பிளீச்சிங் பவுடர் தேவையே இல்லை. வேட்டி வெளுத்ததும் அந்த விஷயத்தையும் மறந்துவிட்டேன். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருந்தால் முடிச்சு அன்றே கிடைத்திருக்கும். தலையணை உறையோடு உள்ளே போய், ரப்பருக்கும் டிரம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நழுவி, ஐந்து மாதமாகப் பம்பின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் வெளியேற முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் அதுவே காரணம்.

மறுநாள் முழுவதும் இயந்திரத்துக்கே கொடுத்தேன். சோப்புத்தூள் போடும் பெட்டியை முழுவதுமாக வெளியே இழுக்கலாம், நடுவில் ஒரு நாக்கை அழுத்தினால் போதும். அடியில் கெட்டியான தூளும் கறுப்புப் பூஞ்சையும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அது உட்காரும் பொந்தின் மேற்கூரையையும் தேய்க்க வேண்டும், தண்ணீர் அங்கிருந்துதான் கொட்டுகிறது. பின்பக்கம் குழாய் மாட்டும் இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு வலை. அதில் மணல் சேர்ந்திருந்தது. எங்கள் பக்கம் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

ரப்பர் மடிப்புக்கு, தண்ணீரில் நன்றாகக் கலந்த பிளீச் திரவத்தில் துணியை நனைத்து, மடிப்புக்குள் திணித்து அரைமணி நேரம் விட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, காலி டிரம்மை ஒரு முறை ஓடவிட்டேன். உப்புப் படிவை எடுக்க எலுமிச்சை உப்பு வேண்டும். பெயரில்தான் உப்பு, அது சிட்ரிக் அமிலம். ஆனால் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தேன். பிளீச்சும் புளிப்பும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சையே அடைத்துவிடும். பாட்டிலில் எழுதியிருப்பதுதானே என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு, நூறு கிராம் எலுமிச்சை உப்பை டிரம்மில் போட்டு, துணி இல்லாமல், அறுபது டிகிரி வெந்நீரில் ஓடவிட்டேன். எங்கள் போர் தண்ணீர் எவர்சில்வர் குடத்தையே வெள்ளையாக்கிவிடும். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு போலப் படிகின்றன. படிந்தால் சூடு தண்ணீருக்குப் போவதற்குப் பதில் கம்பியிலேயே தங்கி, கம்பி சீக்கிரம் போய்விடும். வெளியேறிய தண்ணீரை வாளியில் பிடித்துப் பார்த்தேன். கலங்கல், அதில் மிதந்த கறுப்புத் துணுக்குகள். இரண்டாம் முறை வெறும் வெந்நீர் விட்டபோதுதான் தெளிந்தது.

இத்தனை அழுக்குக்கும் பாதிக் காரணம் என் தாராளம். உப்புத் தண்ணீரில் நுரை வருவதில்லை என்று, கையால் துவைக்கும் தூளை மூன்று கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வகை இயந்திரம் துணியை மேலே தூக்கி, கீழே போட்டு அடித்துத் துவைக்கிறது. நாம் கல்லில் அறைகிறோமே, அதேதான். நுரை அதிகமானால் துணி மெத்தையில் விழுவது போல விழும், அழுக்கு போகாது. மீதித் தூள் டிரம்மின் பின்புறம் போய்ப் படியும். பின்னால் மூன்று கைகள் கொண்ட ஓர் அலுமினியத் தாங்கி டிரம்மைப் பிடித்திருக்கிறது. அந்தச் சேறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும் என்றும், அது உடைந்த இயந்திரங்களைப் பார்த்திருப்பதாகவும் பிற்பாடு வந்த மெக்கானிக் சொன்னார். இப்போது நுரை குறைந்த தூள்தான் போடுகிறேன், அதுவும் அளவோடு. வாசனைத் திரவத்தை நிறுத்திவிட்டேன். குழந்தைத் துணிக்கு வெயில் வாசனை போதும்.

துவைத்து முடிந்ததும் ரப்பரைத் துடைத்து, கதவையும் தூள் பெட்டியையும் சற்றுத் திறந்தே வைக்கிறேன். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். அதனால் அவன் விழித்திருக்கும்போது இயந்திரம் இருக்கும் பக்கத்து வாசல் கதவைப் பூட்டிவிடுகிறோம். திறந்த டிரம்முக்குள் குழந்தை ஏறிவிடக் கூடாது. இன்னொன்று, இயந்திரத்தின் அடியில் எலி வலை பொருத்தச் சொன்னோம். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் எலி உள்ளே போய் வயரைக் கடித்திருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு மூடியைத் திறக்கும் நாள் என்று நாட்காட்டியில் என் கணவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். தட்டு பிடிப்பதும் அவர்தான்.

அந்த ஒரு ரூபாய் எவர்சில்வர் நாணயம். ஐந்து மாதம் சோப்புத் தண்ணீரில் கிடந்தும் துருப்பிடிக்கவில்லை. துடைத்ததும் பளிச்சென்று வந்துவிட்டது. புது மஞ்சள் துணி நனைத்துக் காயவைத்து, அதில் மறுபடியும் முடிந்து, பூஜை அலமாரியில் வெள்ளிக் கிண்ணத்துக்குள் வைத்திருக்கிறேன். தை மாதம் குழந்தையோடு திருக்கருகாவூர் போகிறோம்.