ஹை பீம் போட்டாலும் அணையாத ஃபாக் லைட்: போடிமெட்டு ஏற்றத்துக்காக மாற்றிய வயரிங்

போடியிலிருந்து கேரளாவுக்கு ஏறும் மலைரோட்டில், முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. பிரைட் லைட், அதாவது ஹை பீம், நேராகத்தான் அடிக்கும். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது வெளிச்சமெல்லாம் பள்ளத்துக்குப் போய்விடும். டயர் ஏறப்போகிற ரோட்டோரம் இருட்டாகக் கிடக்கும். அந்த ஓரத்தைக் காட்டுவது தாழ்வாக, அகலமாக அடிக்கிற ஃபாக் லைட். என் வண்டியிலோ பிரைட்டுக்கு மாற்றியதும் அது அணைந்துவிடும்.

கம்பெனிக்காரன் அப்படி அணையும்படி சும்மா வைக்கவில்லை. கிட்டத்தில் வெளிச்சம் கூடினால் கண்பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது மங்கும். நேர்ரோட்டில் வேகமாகப் போகும்போது அது ஆபத்துதான். ஆனால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறுகிற இடத்தில் எனக்கு வேண்டியது பத்தடி தள்ளி இருக்கிற தடுப்புச்சுவர்.

போடியில் ஒரு கடையில், "டிம் வயரையும் பிரைட் வயரையும் சேர்த்து ஒரு ஜாயின்ட் போட்டுர்றேண்ணே, பத்து நிமிச வேலை" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹெட்லைட்டில் இருக்கிற எச்4 பல்புக்குள் டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என்று இரண்டு இழை இருக்கிறது. அந்த ஜாயின்ட் போட்டால் இரண்டும் சேர்ந்தே எரியும். சூடு தாங்காமல் பல்பு போகும், ஹோல்டர் உருகும், டிம் அடிக்கவும் வழி இருக்காது. எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைத்துவிட்டு அந்த ரோட்டில் பிழைக்க முடியுமா?

தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரோடு உட்கார்ந்து ஃபாக் லைட் ரிலேயைக் கழற்றினோம். ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்; அதன் கால்களுக்கு நம்பர் உண்டு. 30க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கரண்ட் வரும், 87 விளக்குக்குப் போகும், 85ம் 86ம் அந்தச் சுவிட்சை இழுக்கிற காயிலின் இரண்டு முனை. டிம் போட்டு, ஃபாக் சுவிட்சையும் ஆன் செய்து, சாக்கெட்டில் 86 வருகிற ஓட்டையில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிந்தது. பிரைட் போட்டதும் அணைந்தது. ஆக, ஃபாக் சுவிட்சுக்கே சப்ளை டிம் லைனிலிருந்துதான் வருகிறது. மாற்ற வேண்டியது அந்த ஒரே வயர்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் சுவிட்சுக்கு வரும் அந்த வயரை எடுத்து, முனையை இன்சுலேட் செய்து ஓரமாகக் கட்டினோம். அதற்குப் பதிலாக பார்க்கிங் லைட் லைனிலிருந்து சப்ளை கொடுத்தோம். சாலிடர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப். வெறும் டேப் சுற்றினால் மெட்டு ஈரத்துக்குக் கழன்றுவிடும். பார்க்கிங் ஃபியூஸ் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இல்லை. இரண்டு 55 வாட் விளக்கும் சேர்ந்து இழுக்கிற ஒன்பது ஆம்பியர் சொச்சம் பழைய வழியிலேயே, 30லிருந்து 87க்குப் போகிறது. அங்கே ஒன்றையும் தொடவில்லை. பெரிய பல்பு போடும் ஆசையும் வேண்டாம்; செக்போஸ்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது ஃபாக் சுவிட்ச் ஆனில் இருந்தால், பார்க்கிங் லைட் எரிந்தாலே ஃபாக் எரியும். டிம், பிரைட் எது போட்டாலும் அணையாது. வேண்டாதபோது சுவிட்சைத் தட்டினால் போதும். பூப்பாறைப் பக்கம் ரோடு நேரானதும் நான் அணைத்துவிடுகிறேன். மஞ்சு இறங்கிவிட்டால் கதை வேறு. பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், அப்போது டிம்மும் ஃபாக்கும்தான். ஒரு தொல்லையும் உண்டு. என் வண்டியில் சாவி எடுத்தாலும் பார்க்கிங் லைன் உயிரோடு இருப்பதால், டீக்கடையில் நிறுத்தும்போது மறந்தால் பேட்டரி இறங்கிவிடும்.

புது வண்டிக்காரர்கள் இதைப் பார்த்து வயரை வெட்டிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் விளக்குகளை ஆட்டிவைப்பது கம்ப்யூட்டர். அதற்கு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.