நரகத்தின் நெருப்பு எரித்து முடிக்குமா?

லண்டன் ஆல் சோல்ஸ் ஆலயத்தில் 25 ஆண்டுகள் தலைமைப் போதகராக இருந்தவரும், உலகெங்கும் நற்செய்தி அறிவிப்பது குறித்த 1974ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கையை வரைவதில் முன்னின்றவருமான ஜான் ஸ்டாட், 1988இல் வெளிவந்த ஓர் உரையாடல் நூலில், மனந்திரும்பாதவர்கள் நரகத்தில் முடிவின்றி வதைபடுவதைவிட இறுதியில் அழிந்துபோவார்கள் என்பதே வேதத்துக்கு இசைவாக இருக்கலாம் என்று தயக்கத்தோடு எழுதினார். அதைப் படித்துப் பல விசுவாசிகள் கலங்கினார்கள். அவர் நரகத்தையே மறுத்துவிட்டதாக இன்றும் சிலர் பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

முடிவில்லாத வேதனையை நினைக்கவே தம்மால் தாங்க முடியவில்லை என்று சொன்ன அவரே, உணர்ச்சியைக் கொண்டு சத்தியத்தை நிர்ணயிக்கக் கூடாது என்றும் சொல்லி, வசனங்களை ஆராய்ந்தார். “ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்” என்றார் இயேசு (மத்தேயு 10:28). நெருப்பின் வேலை எரித்து முடிப்பது. வெளிப்படுத்தல் 14:11 சொல்லும், என்றென்றைக்கும் எழும்புகிற புகையோ அந்த வேலை முடிந்ததற்கு அடையாளம் என்பது ஸ்டாட்டின் விளக்கம். ஆத்துமா தன் இயல்பிலேயே சாகாதது என்று நாம் எண்ணிப் பழகியிருந்தாலும், சாவாமை தேவன் ஒருவருக்கே உரியது என்கிறார் பவுல் (1 தீமோத்தேயு 6:16).

எதிர்த்தரப்பு வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நித்திய ஆக்கினையையும் நித்திய ஜீவனையும் மத்தேயு 25:46 ஒரே மூச்சில் சொல்வதால், ஒன்று முடிவுள்ளதும் மற்றது முடிவற்றதுமாக இருக்க முடியாது என்று 5ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின் வாதிட்டார். மீட்சியே இல்லாத அழிவும் நித்திய ஆக்கினைதான் என்ற பதில் எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

உண்மையான இடறல் வெளிப்படுத்தல் 20:10இல் இருக்கிறது. பிசாசும் மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் அக்கினிக்கடலிலே இரவும் பகலும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள் என்கிறது அவ்வசனம். மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் தனிமனிதர்கள் அல்லர், உலகத்தின் எதிர்ப்பைக் குறிக்கும் அடையாளங்கள் என்றார் ஸ்டாட். ஆனால் பிசாசை அப்படி அடையாளமாக்கிவிட முடியாதே! அதே சமயம், நான்கு வசனங்கள் தள்ளி, மரணமும் பாதாளமும் அதே அக்கினிக்கடலிலே தள்ளப்படுகின்றன. மரணத்தை வதைக்க இயலாது, ஒழிக்கத்தான் இயலும். மனிதர்களுக்கு அங்கே நேரிடுவதை அந்த அதிகாரம் “இரண்டாம் மரணம்” என்று மட்டுமே சொல்வதால், என் மனம் ஸ்டாட்டின் பக்கமே சாய்கிறது.

இந்தக் கருத்தையும் வேத ஆதாரமுள்ள ஒன்றாக ஏற்று வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பதே அவர் சகவிசுவாசிகளிடம் கேட்டது. அப்படிப் பேசுகிற ஒருவரைக் கள்ள உபதேசி என்று முத்திரை குத்திப் பிரசங்க பீடத்திலிருந்து விலக்குவதை, பாரம்பரியக் கருத்தை உறுதியாகப் பிடித்திருக்கும் சபைகளும் கைவிட வேண்டும்.