கருவாட்டிலிருந்து ஒரு தேடல் வினா: கடலூர் நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கும் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவர்களின் பாடத் திட்டங்களை இன்று வாங்கிப் படித்தேன். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு எழுதியவற்றில் பெரும்பாலான வினாக்கள் "யாவை", "வரையறு", "வேறுபடுத்துக" என்றே முடிந்திருந்தன. சிலர், கற்றல் நோக்கங்களை நினைவுகூர்தல் போன்ற எளியவற்றிலிருந்து மேல்நிலைச் சிந்தனை வரை அடுக்கி, அமெரிக்கக் கல்வியாளர் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த படிநிலைகளையும் அவற்றின் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் கருத்தில் கொண்டு, "உணவைப் பாதுகாப்பதில் உப்பின் பங்கைப் பகுத்தாய்க" என்பது போல எழுதியிருந்தார்கள். பாடநூலின் ஒரு பத்தியை மனப்பாடம் செய்த குழந்தை இதற்கு முழு மதிப்பெண் பெற்றுவிடும் என்பதால், "பகுத்தாய்க" என்று சொன்னாலும் இது நினைவுகூர்தல் வினாதான். விடை சொல்வதற்குக் குழந்தை என்ன செய்யவேண்டியிருக்கிறது என்பதே வினாவின் படியைத் தீர்மானிக்கிறது. பயிற்சிக் கல்லூரிகளில் ஒவ்வொரு படிக்கும் உரிய வினைச்சொற்களின் பட்டியலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

9 ஜூலை, புதன்

அந்த உப்பு வினாவை எழுதிய பயிற்சி ஆசிரியை கடலூர் முதுநகரைச் சேர்ந்தவர். துறைமுகத்தை அடுத்த தெருக்களில் கருவாடு காய்வதைத் தினமும் பார்த்து வளர்ந்தவர். "உங்கள் வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளைகளும் அதைப் பார்த்தவர்கள்தானே?" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "கருவாடு கெடாமல் இருப்பதற்குக் காரணம் உப்பா, வெயிலா?" என்று எழுதிக் காட்டினார்.

இந்த வினா எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேட்ட உடனேயே வகுப்பு இரண்டாகப் பிரியும். இரு பக்கத்தாருக்கும் சொல்வதற்குக் காரணம் இருக்கும். பாடநூலைப் புரட்டினால் நேரடி விடை கிடைக்காது. வகுப்பறையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். மீனுக்குப் பதிலாக வெள்ளரிக்காயை ஒரே கனத்தில் வட்டமாக நறுக்கி, நான்கு தட்டுகளில் வைப்பதாக முடிவாயிற்று: உப்பிட்டு நிழலில், உப்பின்றி வெயிலில், உப்பிட்டு வெயிலில், உப்பும் வெயிலும் இல்லாமல். நான்காவது தட்டு எதற்கு என்று மற்றொரு மாணவர் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றையும் செய்யாத தட்டு தேவை என்பதை நான் விளக்குவதற்கு முன்பே அவருடைய குழுவினர் விளக்கிவிட்டார்கள்.

11 ஜூலை, வெள்ளி

இன்று முழுவதும் மதிப்பீட்டுக்கே சென்றது. வினா நன்றாக அமைந்ததும் மதிப்பீட்டைப் பாடத் திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் "வாய்மொழி வினாக்கள் கேட்கப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. குழந்தை எதைச் சொன்னால், எதை எழுதினால், எதைச் செய்தால் அதற்குப் புரிந்திருக்கிறது என்று ஆசிரியர் ஏற்றுக்கொள்வார் என்பதை, வினாவை வகுப்புக்குக் கொண்டுசெல்வதற்கு முன்பே எழுதிவிடவேண்டும் என்று வற்புறுத்தினேன். ஆகவே எதிர்பார்க்கும் விடைகளை வரிசைப்படுத்தினோம். "உப்பு கிருமியைக் கொன்றுவிடும்" என்பது பலர் சொல்லப்போகும் விடை. "உப்பு நீரை வெளியே இழுக்கிறது, நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிரிகள் பெருக முடியாது" என்பது நாம் சென்று சேரவேண்டிய இடம். இவை இரண்டுக்கும் இடையில் நிற்கும் குழந்தையிடம் அடுத்து என்ன கேட்பது என்பதையும் எழுதச் சொன்னேன். பாடம் நடக்கும்போதே குழந்தையின் புரிதலை அறிந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்ளும் வளரறி மதிப்பீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

விடைகளை மதிப்பிடுவதற்கான தரநிலைகளை வகுக்கும்போது ஒரு நல்ல விவாதம் எழுந்தது. வெள்ளரித் துண்டின் எடை குறைந்ததைக் கொண்டு நீர் வெளியேறியது என்று சொல்லலாம். அது கெடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதை அறிய, துண்டுகளைச் சில நாள்கள் வைத்திருந்து பார்க்கவேண்டும். "இந்தச் சோதனை எதைக் காட்டவில்லை என்பதைக் கூறுகிறார்" என்பதையே மிக உயர்ந்த தரநிலையாக வைத்தோம்.

16 ஜூலை, புதன்

வகுப்பைப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். வினாவைக் கேட்டுவிட்டு அந்தப் பயிற்சி ஆசிரியை பேசாமல் நின்றார். ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிகளுக்கு நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதையும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். அதைப் படித்திருந்தாலும், முதன்முறை வகுப்பெடுப்பவருக்கு அந்த மூன்று நொடிகள் மிக நீளமானவை. அவர் அசையாமல் காத்திருந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

சன்னலோரத்துச் சிறுமி ஒருத்தி, "மிஸ், மழை நாள்ல வெயிலுக்கு எங்க போறது? எங்க ஆயா மீனைப் பானையில உப்பு போட்டுத்தான் வைக்கும்" என்றாள். வகுப்பின் வாதத்தையே அது திருப்பிவிட்டது. பாடவேளை முடிவதற்குள் நிழலில் உப்பிட்ட தட்டில் நீர் கோத்து நின்றது.

18 ஜூலை, வெள்ளி

பிள்ளைகள் தனித்தனியே எழுதிய குறிப்புகளை இன்று சேர்ந்து படித்தோம். எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்திருப்பதால், இந்தக் குறிப்புகளுக்கும் உடனே எண் போட்டுவிடப் பயிற்சி ஆசிரியர்களின் கை துடிக்கிறது. முதலில் எண் இல்லாமல் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கச் சொன்னேன். நடு அடுக்கே பெரிதாக இருந்தது: நீர் வெளியேறியதைச் சரியாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதற்கும் கெடாமைக்கும் உள்ள தொடர்பை எழுதவில்லை. ஆகவே திங்கட்கிழமைப் பாடத்தை மாற்றியிருக்கிறோம். சவ்வின் வழியே நீர் கடந்து செல்வதான சவ்வூடு பரவலின் வரையறை ஒரு நாள் தள்ளிப் போகும். புதன்கிழமையிலிருந்து எடுத்துவைத்துள்ள நான்கு தட்டுகளும் மீண்டும் மேசைக்கு வரும். எதில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே பார்த்து, பழைய குறிப்புக்குக் கீழே தங்கள் காரணத்தைத் திருத்தி எழுதுவார்கள். மதிப்பெண் அந்தத் திருத்தத்துக்குத்தான்.