கோழிக் கூண்டிலிருந்து வந்த கூரை

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேலியாகச் சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அது நீளும். (ஜலகண்டேஸ்வரர் 1981-இல் தம் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.) அதில் எங்கள் வீட்டார் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட உருப்படி, கூரை இல்லாத கார். பெரியப்பா 1974-இல், ஊரைவிட்டுக் கிளம்பிய தோட்ட அதிகாரி ஒருவரிடம் வாங்கிய 1965-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 அது. அவருக்குப் பின் என்னிடம் வந்த அந்த வண்டிக்கு நிலையான கூரை போட்டு, அதைக் கூபேயாக மாற்றிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வண்டிக்குக் கூரையே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. மார்க் 3 வந்த பிறகுதான் ஸ்பிட்ஃபயருக்கு மடக்குக் கூரை கிடைத்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் இரும்புக் குழாய்களைத் தனியே எடுத்துச் செருகி, அவற்றின் மேல் துணியைப் போர்த்தி, சுற்றிலும் அழுத்து பொத்தான்களைப் பூட்ட வேண்டும். பெரியப்பா இந்த வேலைக்குப் 'பந்தல் போடுவது' என்று பெயர் வைத்திருந்தார். பந்தல் போட்டு முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். நனைய வேண்டியது எல்லாம் நனைந்திருக்கும். கத்திரி வெயிலில் அந்தக் கறுப்புத் துணியின் கீழ் உட்கார்ந்தவர்கள் இரண்டாம் முறை ஏறியதாக எனக்கு நினைவில்லை. இங்கிலாந்தின் மங்கலான வெயிலுக்காகச் செய்த வண்டியை, மே மாதத்தில் நாற்பது பாகையைத் தாண்டும் ஊரில் பகலில் ஓட்ட ஆசைப்பட்டால் அதற்கு ஒரு நிழல் வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது அப்படித்தான்.

திறந்த ஸ்பிட்ஃபயரை மூடுவது புதிய யோசனை அன்று. வண்டியை வடிவமைத்த ஜியோவானி மிக்கெலாட்டியே, 1962-இல் அது வெளிவந்த சிறிது காலத்திற்குள் பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையுடன் ஒரு மாதிரியைச் செய்து பார்த்தார். 1147 சிசி எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் எடை சுமையாகிப் போனதால் அது அப்போது விற்பனைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த வடிவம் வீணாகிவிடவில்லை. அதே போன்ற கூரையை இழைக்கண்ணாடியில் செய்து மாட்டிய பந்தய ஸ்பிட்ஃபயர்கள் 1965-ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 13-ஆவதாகவும் 14-ஆவதாகவும் வந்து, தங்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. 1966-இல் 1998 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, ஜிடி6 என்ற பெயரில் அதையே கடைக்கும் கொண்டுவந்தார்கள். போட்டி நிறுவனத்தின் எம்ஜிபி என்ற திறந்த கார் 1965-இலேயே இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனாவின் கைப்பட்டு, கூரையுள்ள எம்ஜிபி ஜிடி ஆகிவிட்டிருந்தது. ஆக, நான் செய்யப்போவதை என்னைவிடப் பெரியவர்கள் ஏற்கெனவே செய்திருந்தார்கள். அவர்களிடம் தொழிற்சாலை இருந்தது, என்னிடம் இருந்தது மேல்விஷாரத்துப் பாயின் டிங்கர் பட்டறை.

வெட்டுவதற்கு முன் காகிதத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்சி புத்தக விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. இது போக, 2021-இல் வந்த பழங்கால வாகன விதி ஒன்று இருக்கிறது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு, 20,000 ரூபாய் கட்டணத்தில், 'விஏ' எழுத்துகளுடன் பத்தாண்டுகளுக்குத் தனிப் பதிவு வாங்கலாம். ஆனால் சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல், வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பதிவு எனக்குத் தேவை இல்லை, ஏனென்றால் அதை வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது. நாளைக்கு என் மகளுக்குத் தேவைப்படலாம். எனவே பாயிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வண்டியின் தகட்டில் புதிதாக ஒரு துளைகூட விழக் கூடாது, குழாய்ச் சட்டத்துக்கும் துணிக்கும் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே கூரை நிற்க வேண்டும், ஸ்பேனர் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் கழன்று வர வேண்டும். டிரையம்ஃப் நிறுவனமே இந்த வண்டிக்கு உருக்குக் கூரை ஒன்றைத் தனியாக விற்றது என்பது எனக்குத் துணிவு கொடுத்தது.

இந்த நிபந்தனையே வடிவத்தையும் தீர்மானித்துவிட்டது. லே மான் வண்டிகளைப் போல வால்வரை சரியும் கூரைதான் என் ஆசை. ஆனால் ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கியின் முன்பகுதியில் இருக்கிறது; அதன் மூடி, இருக்கைகளுக்கும் டிக்கிக் கதவுக்கும் இடையிலுள்ள பின்மேடையின் நட்ட நடுவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சரியும் கூரை அந்த மூடியை உள்ளே விழுங்கிவிடும். அப்படிச் செய்தால் பெட்ரோல் ஆவி முழுவதும் நாம் உட்காரும் இடத்துக்குள்தான் வரும். வேலூர் வெயிலில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆகவே மூடிக்குச் சற்று முன்னாலேயே செங்குத்தாக இறங்கி முடியும் குட்டைக் கூரை என்று முடிவாயிற்று. அழகில் ஒரு படி குறைவுதான், மறுக்கவில்லை.

கூரைத் தகடு கிடைத்த விதம் தனிக் கதை. வண்டலூர் ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வம்சம். ஸ்பிட்ஃபயரின் சேஸே ஹெரால்டின் சேஸைக் குறுக்கி உருவானதுதான். ஹெரால்டின் கூரை தனித் துண்டு. அதை அறுக்க வேண்டியதில்லை, போல்ட்டைக் கழற்றினால் எடுத்துவிடலாம். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் எப்போதோ தம் ஹெரால்டை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவதற்காக அப்படிக் கழற்றித் திறந்த காராக்கிவிட்டு, கூரையை வீட்டுப் பின்கட்டில் கோழிக் கூண்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். கார் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. கூரை மட்டும் கோழிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் திறந்ததைக் கொண்டுபோய் நான் மூடப்போகிறேன் என்று சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். காசு வாங்கவில்லை, கூண்டுக்குப் புதிதாக இரண்டு ஜிஐ தகடு போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். உள்பக்கம் எச்சம் பட்ட ஓரங்கள் எல்லாம் சல்லடையாகி இருந்தன. ஆனால் நடுப்பகுதி திடமாக இருந்தது. எனக்கு வேண்டியதும் அந்த நடுப்பகுதியின் வளைவுதான். தட்டையான தகட்டைக் கூரையாகப் போட்டால் வேகத்தில் அது மத்தளம் கொட்டும். இரண்டு திசையிலும் மெல்ல உப்பியிருக்கும் தகடுதான் விறைப்பாக நிற்கும், அந்த உப்பலைக் கையால் தட்டிக் கொண்டுவரப் பாய்க்கே ஒரு மாதம் ஆகியிருக்கும்.

நான் செய்த பெரிய தவறு இதற்கு அடுத்த கட்டத்தில். பாய் வெளியூருக்குத் திருமணத்துக்குப் போயிருந்த வாரத்தில், அவசரப்பட்டு, வண்டியை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி, இருக்கைகளையும் கழற்றிவிட்டு, வசதியாக நின்றபடி அளவெடுத்து, பட்டறைப் பையனை வைத்துச் சட்டத்தை வெல்டு வைக்கச் செய்தேன். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் பின்மேடைக்கும் நடுவில் அது அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. வண்டியைத் தரையில் இறக்கினோம். இடது கதவு திறக்கவில்லை. வலது கதவு திறந்தது, பிறகு சாத்த முடியவில்லை.

ஸ்பிட்ஃபயருக்கு முதுகெலும்பு போல நடுவில் ஓடும் சேஸ் உண்டு என்பது தெரியும். ஆனால் பக்கவாட்டு வலுவை, கதவுக்குக் கீழே நீளும் பெட்டித் தகடுகளான ரன்னிங் போர்டுகள்தான் கொடுக்கின்றன என்பதையும், பின் சக்கரங்களை முன்பின் நகராமல் பிடிக்கும் தண்டுகள் சேஸில் அல்லாமல் பாடியிலேயே பூட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் நான் மறந்திருந்தேன். ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு வடிவம், சக்கரத்தில் நிற்கும்போது இன்னொரு வடிவம். வித்தியாசம் கதவின் மேல் மூலையில் ஐந்து மில்லிமீட்டர். நான் அந்தத் தவறான வடிவத்தை இரும்பால் பூட்டி வைத்திருந்தேன். கூரை போட்டால் தளர்ந்த உடம்பு தானாக இறுகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ரன்னிங் போர்டு துருப்பிடித்த திறந்த காருக்குக் கூரை போடுவது, இடுப்பு ஒடிந்தவனுக்குத் தலைப்பாகை கட்டுவதுதான். நல்ல வேளையாக எங்கள் வண்டியில் அவை கெட்டியாக இருந்தன. கெட்டது என் அளவுதான்.

திரும்பி வந்த பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திட்டவில்லை. "வண்டி நிக்கிற மாதிரி நிக்கட்டும் சார், அப்புறம் தொப்பிக்கு அளவெடுக்கலாம்" என்றார். இருக்கைகளைத் திரும்பப் பூட்டி, டேங்கைப் பாதி நிரப்பி, இரண்டு இருக்கைகளிலும் எழுபத்தைந்து கிலோ கணக்கில் அரிசி மூட்டைகளை வைத்து, வண்டியைப் பட்டறைக்குள் நாலடி முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் தன் இடத்துக்கு வந்த பிறகுதான் டேப்பைக் கையில் எடுத்தார். பழைய சட்டத்தை அறுத்துப் போட்டுவிட்டு, ஒரு அங்குலச் சதுரக் குழாயில் புதிதாகக் கட்டினார். ஹெரால்டு தகடு அகலம் அதிகம் என்பதால், ஓரத்தில் குறைத்தால் வளைவு கெடும் என்று சொல்லி, நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டையை உருவி எடுத்துவிட்டு இரண்டு பாதிகளையும் சேர்த்தார். சிஓ2 வெல்டிங்கிலும் தகடு சூட்டில் சுருங்கி நெளியும். அதனால் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று எட்ட எட்ட வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஈரத் துணியை ஒற்றி ஆற்றிக்கொண்டே, அந்த ஒரே கோட்டை முடிக்க ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார். அதன் மேல் அவர் பூசிய பட்டி காகித கனம்தான் இருக்கும். தேநீர் நேரத்தில் அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்து நான் தோற்றிருக்கிறேன்.

பின் கண்ணாடிக்குத் தட்டையான லேமினேட்டட் கண்ணாடியை வெட்டி வாங்கினோம். சூடேற்றிக் கடினமாக்கிய டஃபண்ட் கண்ணாடியை வெட்ட முடியாது, தொட்டால் நொறுங்கிப் போகும். ரப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து கயிற்றை இழுத்து அதை உட்காரவைத்தார்கள். பழைய இரும்புக் கடைத் தராசில் கூரையை நிறுத்தபோது, கண்ணாடியோடு 26 கிலோ. எழுநூறு கிலோ சொச்சம் உள்ள வண்டிக்கு இது பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த எடை முழுவதும் தலைக்கு மேலே ஏறுகிறது. ஸ்பிட்ஃபயரின் பின் சக்கரங்களோ, வளைவில் திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உள்ளே மடிந்து வண்டியைத் தூக்கிவிடும் பழக்கம் உள்ளவை. ஜிடி6-க்கே 1968-இல் பின் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டி வந்தது. அதனால் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் இப்போது முன்பைவிட மெதுவாகவே போகிறேன்.

வெயிலை வெல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. திறந்த வண்டியில் கியர் பாக்ஸின் சூடு மேலே போய்விடும். மூடியதும் அது கணுக்கால் அருகில் தங்கிவிட்டது. கூரைக்கு உள்பக்கம் தார் ஷீட்டும் ஃபோமும் ஒட்டி, இராணிப்பேட்டையிலிருந்து வாங்கிவந்த மெல்லிய ஆட்டுத் தோலை அதன் மேல் ரப்பர் சொல்யூஷனால் ஒட்டினோம். பார்க்க ராஜ தர்பார் போல இருந்தது. மே மாதம் இரண்டாம் வாரத்தில், காட்பாடி மேம்பாலத்தில் ஏறும்போது தோல் முழுதாக உரிந்து என் தலையில் போர்வையாக விழுந்தது. அந்தச் சூட்டில் பசை பாகாக உருகிவிட்டது. இப்போது கம்பி வளைவுகளில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணிதான் இருக்கிறது, பசைக்கு வேலையே இல்லை. பக்கவாட்டுச் சிறு கண்ணாடிகளைப் பழைய வேன் ஒன்றின் கொக்கிகளைப் பூட்டி இரண்டு அங்குலம் வெளியே திறக்கும்படி செய்த பிறகு, ஓடும் வண்டிக்குள் காற்று நுழைந்து வெளியேற வழி கிடைத்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு வழி எதுவும் இல்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் நான் இன்னும் வேகத்தான் செய்கிறேன்.

மழைக்கு முன்னால் பாய் ஒரு சோதனை செய்தார். கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. அது நேராகக் கூரையின் ரப்பரில் போய் ஒட்ட வேண்டும். ரப்பர் முழுக்க முகப்பவுடரைத் தூவி, கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தித் திறந்தார். கண்ணாடியில் வெள்ளைக் கோடு எங்கே படவில்லையோ அங்கே ரப்பர் தொடவில்லை என்று பொருள். வலது பக்கம் கோடு முழுசாக விழுந்தது. இடது பக்கம் முன் மூலையில் ஒரு விரற்கடை அளவுக்கு வெறுமையாக இருந்தது. மூன்று முறை ரப்பரை மாற்றினார், கண்ணாடியின் சாய்வைத் திருத்தினார், கோடு நீண்டுகொண்டே போய் ஒரு நகக்கண் அளவில் நின்றுவிட்டது.

ஐப்பசியின் முதல் அடைமழையில் ஆற்காட்டிலிருந்து வீடுவரை ஓட்டி வந்தேன். பந்தல் போட இறங்கவில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவியின் முழங்காலில், சத்துவாச்சாரி வந்தபோது, முதல் சொட்டு விழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்று என்று அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். வீடு வருவதற்குள் ஏழு.